சிங்கிள் குரோஷே மட்டும் தெரிந்தால் போதும்: முதல் கைப்பைக்கு முழு அளவு, சந்தேகங்கள், திருத்தங்கள்

#1 – நூற்கண்டு

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் செயின், சிங்கிள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிட்ச் என்ற மூன்று அடிப்படைக் கண்ணிகளும் கைவந்துவிட்டால் இந்தப் பையைத் தொடங்கலாம். தட்டையாக வைத்தால் 17 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம், அடியில் சுமார் 3 செ.மீ. தடிமன் வரும். சில்லறை, சாவி, கைக்குட்டை, கண்ணாடிக் கூடு அடங்கும். செல்போன் நிற்க வேண்டுமென்றால் உடம்பில் 6 சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

தேவை: 100 கிராமுக்கு 160 முதல் 180 மீட்டர் வரை நீளம் வரும் பருத்தி நூல் ஓர் உருண்டை, 4 மி.மீ. கொக்கி ஊசி, சின்ன ஊக்கு நான்கு, 18 மி.மீ. பட்டன் ஒன்று, முனை மழுங்கிய பெரிய ஊசி.

என் கையில் 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 19 சுற்று வருகிறது. உங்கள் கையில் 14 வந்தால் ஊசியை 3.5க்கு இறக்குங்கள். 18 வந்தால் பை சின்னதாகும், அவ்வளவுதான். கண்ணிகள் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். பின்னியதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்சில் முனை உள்ளே நுழைந்தால் சில்லறையும் வெளியே வரும்.

அடிப்பாகம்: 21 செயின். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 19 செயினில் ஒவ்வொரு சிங்கிள். கடைசிச் செயினில் மூன்று. இப்போது வேலையைத் திருப்பாமல் தலைகீழாகச் சுழற்றி, அதே செயினின் மறுபக்கத்தில் 18 சிங்கிள் போட்டுக்கொண்டே வந்து, தொடங்கிய செயினில் மேலும் இரண்டு. மொத்தம் 42. சுற்றை மூட வேண்டாம். முதல் கண்ணியில் ஊக்கை மாட்டிவிட்டு நத்தைச் சுருளாக அப்படியே தொடருங்கள்.

சுற்று 2: முதல் கண்ணியில் இரண்டு, 18 சிங்கிள், அடுத்த மூன்று கண்ணியில் இரண்டிரண்டு, 18 சிங்கிள், கடைசி இரண்டு கண்ணியில் இரண்டிரண்டு. 48.

சுற்று 3: ஒரு சிங்கிள், அடுத்ததில் இரண்டு. பிறகு 18 சிங்கிள். பிறகு "ஒன்று, அடுத்ததில் இரண்டு" மூன்று முறை. மறுபடி 18. மறுபடி "ஒன்று, அடுத்ததில் இரண்டு" இரண்டு முறை. 54.

சுற்று 4: கூட்டல் இல்லை. 54 கண்ணியிலும், தலையிலுள்ள வி வடிவ இரு இழையில் பின் இழையை மட்டும் எடுத்து சிங்கிள். இங்கேதான் அடி மடிந்து சுவர் எழும்பும். சுற்று 5 முதல் 29 வரை இரு இழையையும் எடுத்து 54, 54, 54. வேறொன்றும் இல்லை.

மூடி: பையைத் தட்டையாக மடித்து, இரண்டு மடிப்பிலும் ஊக்கு மாட்டுங்கள். பின்பக்கம் 27 கண்ணி இருக்கும். இரு ஓரமும் ஒவ்வொன்றை விட்டு நடுவில் 25 சிங்கிள், ஒரு செயின், திருப்பு. 12 வரிசை நேராக. 13, 14, 15ஆம் வரிசைகளில் இரு முனையிலும் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கினால் 23, 21, 19 என்று குறையும். 16ஆம் வரிசை பட்டன் துளைக்கு: 8 சிங்கிள், 3 செயின், மூன்று கண்ணியைத் தாண்டி, 8 சிங்கிள். 17ஆம் வரிசையில் 8, அந்தச் செயின் வளைவுக்குள் 3, மறுபடி 8.

வார் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. பேசலாம்.

#2 – மல்லிகா_சேலம்

நல்லா இருக்குங்க அக்கா. எங்க ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன் நூல்தான் கிடைக்குது. அதுல போடலாமா? லேபிள்ல 4 பிளைன்னு போட்டிருக்கு.

#3 – பருத்திக்காடு

போடலாம் மல்லிகா, ஆனா பைக்கு அது இரண்டாம் பட்சம்தான். கடையில் உல்லன் என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். இழுத்தால் நீளும், உரசும் இடத்தில் பஞ்சுப் பஞ்சாக முடிச்சு எழும். இடுப்பில் உரசிக்கொண்டே தொங்கும் பையில் அது சீக்கிரமே தெரியும். ஸ்வெட்டருக்கு வேண்டிய நெகிழ்வு பைக்குக் குறை.

"4 பிளை" (நான்கு புரி) என்பதை நம்பி வாங்காதீர்கள். பிரிட்டனில் 4 பிளை என்றால் 100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் மெல்லிய நூல். நம் ஊர் அக்ரிலிக் லேபிளில் அதே 4 பிளை அதைவிட மிகத் தடித்த நூலுக்கும் இருக்கும். எடையையும் மீட்டரையும் மட்டும் பாருங்கள். லேபிளில் மீட்டர் இல்லையென்றால் ஒரு சுலபமான சோதனை: நூலை 4 மி.மீ. ஊசியின் கொக்கியில் வையுங்கள். கொக்கியின் வாய்க்குள் நூல் முழுதாக அடங்கி, பிதுங்காமலும் உள்ளே ஆடாமலும் இருந்தால் அந்த ஊசிக்கு ஏற்றது.

மற்ற நூல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேஸ் பின்னும் மெல்லிய பருத்தி நூலைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். அதற்கு ஒரு மி.மீ. அளவு தடிமனுள்ள எஃகு ஊசி வேண்டும், கண்ணி கண்ணுக்கே தெரியாது. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நர்சாப்பூர் பெண்கள் தலைமுறையாக அந்த மெல்லிய நூலில் செய்வதைப் பார்த்தால் ஆசை வரும். அது பழகிய கைக்கு.

நைலான் நூல் பளபளப்பாக, விறைப்பாக, நனைந்தாலும் கவலையில்லாமல் இருக்கும். ஆனால் வழுக்கும், முனை பிரிந்துகொண்டே போகும், விரலை அறுக்கும். இரண்டாவது பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு அலங்காரத்துக்கான மேக்ரமே கயிறு முறுக்கியதாக இருந்தால் ஊசி இழைகளுக்கு நடுவே குத்திப் பிளக்கும். பின்னிய வகைக் கயிறு பரவாயில்லை.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் துணி நாடா எளிதில் கிடைக்கும். பழைய டி‑ஷர்ட்டையும் 2 செ.மீ. அகலத்துக்குச் சுற்றிச் சுற்றி ஒரே நீளமாக வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும். அதற்கு 8 அல்லது 10 மி.மீ. ஊசி. வேகமாக வளரும், ஆனால் கனம் ஏறும், மணிக்கட்டு வலிக்கும். இந்த அளவுப் பைக்குப் பொருந்தாது.

வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணியை எண்ணவே முடியாது.

#4 – சுமதி.ஆர்

ஒரு உருண்டை போதுமா? நடுவில் தீர்ந்து, அதே நிறம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

#5 – நூற்கண்டு

இந்த அளவுக்கு வாருடன் சேர்த்து 60 முதல் 70 கிராம் ஆகும். உங்கள் கைக்கு எவ்வளவு என்று முன்பே கணக்கிடலாம் சுமதி. 20 சிங்கிள் போட்டு, நூலில் பேனாவால் குறியிட்டு, பிரித்து அளந்து பாருங்கள். 80 செ.மீ. வந்தால் ஒரு கண்ணிக்கு 4 செ.மீ. அடிக்கும் உடம்புக்கும் சேர்த்து 1,548 கண்ணி, அதாவது சுமார் 62 மீட்டர். மூடிக்கு 15, வாருக்கு 22. மொத்தம் 100 மீட்டர். லேபிளில் 160 இருந்தால் நிம்மதியாகத் தொடங்கலாம்.

இரண்டு உருண்டை வாங்குவதாக இருந்தால் லேபிளில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொகுதி மாறினால் பையில் பட்டை தெரியும்.

#6 – கவி_நெல்லை

அடிப்பாகம் மூணாவது சுத்துலயே கிண்ணமா குழியுது. எண்ணிப் பார்த்தா 54 சரியாத்தான் இருக்கு. ஏன்?

#7 – தையல்நாயகி

எண்ணிக்கை சரி என்றால் கை இறுக்கம்தான் காரணம் கவி. அதுவும் பெரும்பாலும் அந்த முதல் 21 செயினில். செயின் இறுகினால் அடியின் நடுக்கோடு குறுகும், அதைச் சுற்றி வரும் சுற்றுகள் நீளமாக இருக்கும், நடு உள்வாங்கும். செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போட்டு, முதல் சுற்றிலிருந்து 4க்கு மாறுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

எண்ணிக்கை குறைந்தால் குழியும், கூடினால் ஓரம் அலை அலையாக நெளியும். கூட்டல்கள் இரண்டு முனைகளில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், சிங்கிளில் வட்டம் தட்டையாக இருக்கச் சுற்றுக்கு 6 கூட்டல். அதனால்தான் 42, 48, 54. அடியை அகலமாக்க விரும்பினால் 60, 66 என்று அதே கணக்கில் போங்கள். முனையில் "இரண்டு, அடுத்ததில் இரண்டு", அப்புறம் "மூன்று, அடுத்ததில் இரண்டு".

எல்லோரும் தடுமாறும் இன்னொரு இடம் செயினின் மறுபக்கம். முதல் பக்கம் போகும்போது செயினின் மேல் இழை ஒன்றை மட்டும் எடுத்தால், திரும்பி வரும்போது கீழே இரண்டு இழை மிச்சம் இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுங்கள். முதல் பக்கத்திலேயே இரண்டை எடுத்துவிட்டால் மறுபக்கத்தில் ஒரு இழைதான் மிஞ்சும், அது தொய்ந்து நடுவில் ஓட்டை வரிசை தெரியும். நூலின் வால் முனையையும் மறுபக்கத்துச் சிங்கிள்களுக்குள் வைத்தே மூடிக்கொண்டு போனால் பிறகு ஊசியில் கோத்து மறைக்கும் வேலை ஒன்று குறையும்.

#8 – கவி_நெல்லை

செயினை 5ல போட்டேன். தட்டையா உக்காந்துடுச்சு. நன்றி அக்கா!

#9 – இழைமணி

சுவர் எழும்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னும்போது நம்மைப் பார்க்கும் முகம்தான் பையின் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். வலது கைக்காரர்கள் வேலையை அறியாமல் உள்பக்கத்திலிருந்து, தூர விளிம்பில் பின்னிக்கொண்டே போவார்கள். பை உள்வெளியாக வளரும். வெளிமுகத்தில் ஒவ்வொரு கண்ணியும் வி வடிவமாகத் தெளிவாகத் தெரியும். உள்முகத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஐந்தாறு சுற்றுக்குள் பையைப் புரட்டிவிட்டு, உங்களுக்குக் கிட்ட இருக்கும் விளிம்பில் தொடருங்கள். சுற்று 4இல் பின் இழையை மட்டும் எடுத்ததால் முன் இழைகள் அடியைச் சுற்றி வரம்பாக நிற்கும். அதுவும் வெளியே தெரிவதுதான் சரி.

ஊக்கு நேர்கோட்டில் ஏறாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிங்கிள் கண்ணியின் தலை அதன் காலுக்கு நேர்மேலே உட்காருவதில்லை, சற்றே தள்ளி உட்காரும். 25 சுற்றில் அந்தத் தள்ளல் கூடிக்கூடி நான்கைந்து விரல் அளவுகூட வரும். அதனால்தான் மூடியை ஊக்கு இருக்கும் இடத்திலிருந்து தொடங்காமல், பையை மடித்து அடியோடு ஒப்பிட்டுத் தொடங்கச் சொல்கிறார் நூற்கண்டு. அந்த இடம் வரை வழக்கம்போல் சிங்கிள் போட்டுக்கொண்டே போய்விடலாம்.

சாய்வு பிடிக்காதவர்கள் நூலைக் கொக்கிக்கு மேலாகச் சுற்றி இழுக்காமல், கொக்கியை நூலின் மேல் வைத்துக் கீழிருந்து அள்ளி இழுங்கள். கண்ணி வி வடிவத்துக்குப் பதில் பெருக்கல் குறியாக விழும், சாய்வு குறையும், துணியும் இறுகும். பைக்கு ரொம்ப நல்லது. ஆனால் ஒரே பையில் இரண்டையும் கலக்கக் கூடாது. கண்ணியின் அளவே மாறிவிடும்.

#10 – மல்லிகா_சேலம்

மூடி மட்டும் கோணலா வருது. 25ல ஆரம்பிச்சு 21 ஆயிடுச்சு.

#11 – இழைமணி

ஓரக் கண்ணி தவறுகிறது. சிங்கிளில் திரும்பும்போது போடும் ஒரு செயின் கண்ணிக் கணக்கில் சேராது. திரும்பியதும் அதன் அடியில் இருக்கும் முதல் கண்ணியிலேயே குத்த வேண்டும், பலர் இரண்டாவதில் குத்துகிறார்கள். வரிசை முடிவில் கடைசிக் கண்ணி சுருண்டு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி போட்டவுடன் அதில் ஊக்கை மாட்டுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணிதான் கடைசி. நாலு வரிசைக்குப் பிறகு கண் பழகிவிடும்.

#12 – பருத்திக்காடு

இனி வார். பை கெடுவது முதலில் இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து கண்ணி அகலம் போட்டு, முன்னும் பின்னுமாக இருநூறு வரிசை பின்னும் முறையை நிறையப் பேர் காட்டுகிறார்கள். அதைத் தவிருங்கள். எடை இழுக்கும் திசையும் வரிசைகள் அடுக்கப்பட்ட திசையும் ஒன்றாக இருப்பதால், ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் விரிந்தாலும் மொத்தத்தில் தொடைக்குக் கீழே தொங்கும். நீளவாக்கில் பின்னுங்கள். தோளில் குறுக்காகப் போட 115 செ.மீ. என்றால் 184 செயின், கூட ஒன்று. 5 மி.மீ. ஊசியில் தளர்வாகச் செயின், பிறகு 4 மி.மீ.யில் மூன்று வரிசை சிங்கிள். அகலம் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல் வரும். இரு நீள ஓரத்திலும் ஸ்லிப் ஸ்டிட்ச் ஓட்டுங்கள், அது நீட்சியைப் பிடித்து நிறுத்தும். இறுக்கிப் போட்டால் வார் சுருளும், கவனம்.

அதோடு நிறுத்தாமல் உள்பக்கம் பாவாடை நாடா ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். தட்டையான பருத்தி நாடா, ஒரு செ.மீ. அகலம். முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டுத் தைக்க வேண்டும். இழுவை முழுவதையும் நாடா தாங்கும், குரோஷே அழகுக்கு மட்டும்.

#13 – தையல்நாயகி

நாடா சரி, ஆனால் 184 செயின் முறுக்காமல் போட்டு எண்ணுவது புதியவர்களுக்குப் பெரும்பாடு. 20 செயினுக்கு ஒரு ஊக்கு மாட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது.

கயிறு மாதிரி வார் போதும் என்றால் மூன்று கண்ணிக் குழல் முறை எளிது. மூன்று செயின், அதில் இரண்டு வளையம் இழுத்தால் ஊசியில் மூன்று வளையம். இரண்டைக் கழற்றி விரலால் பிடித்துக்கொண்டு, ஊசியில் இருப்பதில் நூல் இழுத்து, ஒவ்வொன்றாக மாட்டி இழுத்து, இதையே திரும்பத் திரும்ப. கயிறு உருண்டையாக வரும், முறுக்காது. சுமை அதிகமில்லாத இந்தப் பைக்கு நாடாகூட வேண்டாம் என்பது என் கருத்து.

#14 – பருத்திக்காடு

கையில் தொங்கவிடும் 35 செ.மீ. வாருக்கு அது சரிதான் நாயகி. தோளில் குறுக்காகப் போடும் நீளத்துக்குப் பருத்தி நூல் சுமை ஏறினால் நிச்சயம் இறங்கும், திரும்ப ஏறாது. தோளில் உருண்டைக் கயிறு பதியும் என்பதும் உண்டு.

எந்த வாராக இருந்தாலும் பையின் கடைசிச் சுற்றில் மட்டும் தைக்காதீர்கள். மேல் விளிம்பிலிருந்து மூன்று நான்கு சுற்று கீழே இறக்கி, உள்பக்கம் வைத்து, சதுரமாகச் சுற்றித் தைத்து நடுவில் குறுக்குத் தையலும் போடுங்கள். வாரின் அகலத்தின் நடு, மடிப்பில் மாட்டிய ஊக்குகளுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு கண்ணி தள்ளிப்போனாலும் பை முன்னால் சாய்ந்தே தொங்கும்.

#15 – வளவன்_லண்டன்

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த உரையாடலில் சிங்கிள் என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே கண்ணிக்கு டபுள் குரோஷே என்று பெயர், அமெரிக்க டபுளுக்கு அங்கே ட்ரெபிள். இங்குள்ள நூலகப் புத்தகத்தையும் யூடியூப்பையும் சேர்த்து வைத்துப் பின்னினால் பை இரண்டு மடங்கு உயரமாகி வலையாகிவிடும். ஒரு மாதிரியில் "சிங்கிள்" என்ற சொல் எங்காவது இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு, இன்றைய பிரிட்டிஷ் மாதிரிகளில் அந்தப் பெயர் பொதுவாக வராது.

#16 – சுமதி.ஆர்

லைனிங் கட்டாயமா? எந்தத் துணி?

#17 – நூற்கண்டு

கட்டாயம் இல்லை, ஆனால் சாவி, பேனா வைப்பவர்களுக்கு வேண்டும். காட்டன் பிளவுஸ் பிட் நன்றாக இருக்கும். துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். 19 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு. பக்கமும் அடியும் ஒரு செ.மீ. விட்டுத் தையல். அடி மூலை இரண்டையும் முக்கோணமாகப் பிதுக்கி, 3 செ.மீ. குறுக்குத் தையல் போட்டால் பையின் அடிக்குப் பொருந்தும். மேல் விளிம்பை ஒன்றரை செ.மீ. மடித்து, பையின் கடைசிச் சுற்றுக்கு ஒரு சுற்று கீழே வைத்துக் கைத்தையல். லைனிங் பையைவிட அரை செ.மீ. குறைவான ஆழத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் பொருளின் எடை துணியில் இறங்கும். தளர்ந்து தொங்கினால் எடை குரோஷேயில் விழுந்து அடி தொய்யும்.

பட்டனுக்குப் பதில் காந்த பட்டன் வைப்பவர்கள் 14 மி.மீ. வாங்குங்கள், 18 இந்த மூடிக்குக் கனம். அதன் கால்களைக் கண்ணிகளுக்கு நடுவே நேராகச் செருகினால் நாளாக ஆகப் பிடுங்கிக்கொண்டு வரும். பின்னால் இரண்டு ரூபாய் நாணய அளவில் ஃபெல்ட் துண்டு வைத்துக் காலை மடியுங்கள். லைனிங் தைப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

#18 – கவி_நெல்லை

விக்கலாம்னு தோணுது. என்ன விலை சொல்றது? சந்தையில 150 ரூபாய்க்கே குரோஷே பைன்னு தொங்குதே.

#19 – தையல்நாயகி

நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, உண்மையான குரோஷேயைக் கையால்தான் போட்டாக வேண்டும். 150 ரூபாய்க்குத் தொங்குவது குரோஷே போலத் தோன்றும் மெஷின் பின்னலாக இருக்கலாம். உண்மையான குரோஷேயாக இருந்தால் யாரோ ஒருவருடைய உழைப்புக் கூலி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த விலையோடு போட்டி போடாதீர்கள் கவி. நூல், பட்டன், துணி, நாடா இவற்றின் விலையோடு, பின்ன ஆன மணி நேரத்தைக் குறித்து உங்கள் ஊர்க் கூலிக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்குபவர் 1,500 கண்ணிக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

விற்பதாக இருந்தால் முடிச்சுப் போட்டு நூலை வெட்டும் வழக்கம் கூடாது. 15 செ.மீ. வால் விட்டு, ஒரு திசையில் கோத்து, திரும்பி எதிர்த் திசையில் கோத்து, மூன்றாம் முறை இன்னொரு வரிசையில் கோத்து வெட்டுங்கள். நைலானில் மட்டும் முனையை லேசாகச் சூடு காட்டி ஒட்டலாம். பருத்தி கருகும்.

#20 – மல்லிகா_சேலம்

ரெண்டு கலர்ல, அடி மெரூன், மேல கிரீம் போட்டா சாயம் இறங்குமா? துவைக்கிறது எப்படி?

#21 – பருத்திக்காடு

தொடங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். மெரூன் நூலில் ஒரு முழம் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி அழுத்தி வையுங்கள். துணியில் கறை படிந்தால் அந்த நூலைத் தனியாக அலசி, தண்ணீர் தெளியும் வரை விட்டு, காயவைத்த பிறகு பின்னுங்கள். தெளியவே இல்லையென்றால் கிரீமோடு சேர்க்காதீர்கள்.

நிறம் மாற்றும்போது பழைய நிறத்தின் கடைசிச் சிங்கிளில் இரண்டு வளையம் ஊசியில் இருக்கும் நிலையில் நிறுத்தி, புது நிறத்தால் இழுத்து முடியுங்கள். அடுத்த கண்ணியின் தலை புது நிறமாகவே வரும். சுருளாகப் பின்னுவதால் அந்த இடத்தில் சின்னப் படி ஒன்று தெரியும். பின்பக்கம் வரும்படி வைத்துக்கொண்டால் மூடியின் அடியில் போய்விடும்.

துவைக்க, பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பத்து நிமிடம். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, உள்ளே பழைய துணி திணித்து வடிவம் பிடித்து, நிழலில் படுக்கை வசமாகக் காயவையுங்கள். ஈரத்தோடு கொடியில் வாரைப் பிடித்துத் தொங்கவிட்டால் நாடா போட்டிருந்தாலும் பையின் உடம்பு நீளும். அக்ரிலிக் பை என்றால் மேலே இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, நூல் உருகித் தட்டையாகிவிடும்.